மயிரிழையில் தப்பியவர் செய்ய வேண்டியது என்ன?





பெருநாள் விடுமுறையும் பாடசாலை விடுமுறையும் வந்துவிட்டால், எமது ஊர்களிலிருந்து இளைஞர்கள் வான்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் மலைநாட்டை நோக்கியும் வனங்களை நோக்கியும் புறப்படுகின்றனர். அது குற்றமன்று. பூமியில் பயணம் செய்து படைப்பின் அற்புதங்களைக் காணுமாறு அல்குர்ஆன் எம்மைத் தூண்டுகின்றது. ஆயினும், திரும்பி வருவோரில் பலரிடம் வீட்டில் சொல்லப்படாத ஒரு கதை இருக்கும். பாறையில் கால் வழுக்கியது, யானை துரத்தியது, நீர் இழுத்துச் சென்றது, எப்படியோ தப்பிவிட்டோம் என்ற கதை. நண்பர்கள் மத்தியில் அது வீரச் செய்தியாகின்றது. பெற்றோருக்கு அது மறைக்கப்படுகின்றது. "எப்படியோ தப்பிவிட்டோம்" என்ற அந்த வார்த்தையைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது சிந்திக்க விரும்புகின்றேன்.

ஹோட்டன் சமவெளியில் உள்ள 'உலக முடிவு' என்னும் இடத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே நிலம் திடீரென முடிந்து, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்திற்குச் செங்குத்தாக இறங்குகின்றது. 2015 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்காக வந்திருந்த ஒருவர், தம் மனைவியைப் புகைப்படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடியெடுத்து வைத்தபோது அவ்விளிம்பிலிருந்து வீழ்ந்தார். சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரத்தின் உச்சி அவரைத் தாங்கிக்கொண்டது. எமது இராணுவத்தினர் இறங்கி அவரை மீட்டு, நெடுந்தூரம் சுமந்து வந்து, பின்னர் ஹெலிகொப்டர் மூலம் வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தனர். இறைவன் நாடினான், அவர் பிழைத்தார். ஆயினும், அதே விளிம்பில் எல்லோருக்கும் ஒரு மரம் காத்திருப்பதில்லை.

நேயர்களே! இத்தகைய ஆபத்து அந்த ஒரு நொடியில் மட்டும் பிறப்பதில்லை. பெரும்பாலும் அதற்கு முந்திய மணித்தியாலங்களிலேயே அது உருவாகத் தொடங்கிவிடுகின்றது. ஹோட்டன் சமவெளியில் காலை ஒன்பது, பத்து மணியளவில் மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடுவது வழமை. அதனாலேயே விவரமறிந்தோர் விடியற்காலையில் செல்கின்றனர். தாமதித்துப் புறப்படுவது, வழுக்கும் செருப்புடன் நடப்பது, பனியிலும் விளிம்பை நெருங்குவது, அங்கே நின்று கைத்தொலைபேசியைப் பார்ப்பது ஆகிய ஒவ்வொன்றும் சிறிய காரியமே. இவை ஒன்று சேரும்போதுதான் கால் வழுக்குகின்றது. ஆகவே, தப்பி வந்தவர் முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கூற வேண்டும். அடுத்து, அந்த நொடிக்கு முன்னர் தாம் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்து, அடுத்த பயணத்தில் அவற்றை மாற்றிக்கொள்வதே நாவினால் சொன்ன நன்றியைச் செயலால் நிறைவேற்றுவதாகும்.

யானைகளின் விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி எமது நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 150 க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் உயிரிழந்தனர். புத்தல - கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து நிற்பதை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். பயணிகள் பழங்களை நீட்டி நீட்டி அவற்றைப் பழக்கிவிட்டனர். இன்று பழம் கொடுத்துச் சிரித்தவர் சென்றுவிடுவார். நாளை வெறுங்கையுடன் வரும் ஒரு குடும்பத்தின் வாகன யன்னலுக்குள் தும்பிக்கை நுழையும். உங்கள் வேடிக்கைக்கு இன்னொருவரின் பிள்ளைகள் விலை கொடுக்க நேரலாம். யானையைக் கண்டால் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள். போதிய இடைவெளி விட்டு, அமைதியாகப் பின்வாங்குங்கள். காதுகளை விரித்து, தலையை உயர்த்தி உங்களை நோக்கி நின்றால், அது விடுக்கும் எச்சரிக்கை என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரவில் தங்குவோர் பாதையின் மீது தங்க வேண்டாம், அது விலங்குகள் நடமாடும் வழியும் விஷ ஜந்துக்கள் ஒதுங்கும் இடமுமாகும் என்ற கருத்தில் எமது நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கின்றார்கள். கூடாரம் அடிக்கும் இளைஞர்களே! குளக்கரைக்கு இறங்கும் யானைத் தடத்தில் கூடாரம் அடித்துவிட்டு, யானை வந்துவிட்டதே என்று அலறுவதில் பயனில்லை.

அடுத்தது நீர். கொஸ்லந்தைக்கு அருகே உள்ள தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர். அதன் மேற்பகுதியில் உள்ள நீர்த் தடாகங்களில் நீராடுவதற்குப் பலர் செல்கின்றனர். அங்கே வானம் தெளிவாக இருக்கலாம். ஆனால் மேலே தொலைவில் மழை பெய்தால், சில நிமிடங்களில் வெள்ளம் வந்து சேர்ந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், நீரின் இரைச்சல் கூடுவதும் அதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், பொருட்களைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே கரையேறுங்கள். நண்பன் ஒருவன் நீரில் தத்தளித்தால், அடுத்தடுத்துக் குதித்து ஒருவர் பின் ஒருவராக மூழ்கிவிடாதீர்கள். கயிற்றையோ, நீண்ட தடியையோ, உடுத்திருக்கும் சாரத்தையோ கரையிலிருந்து நீட்டுங்கள்.

அன்பான இளைஞர்களே! நீங்கள் எங்கே செல்கின்றீர்கள் என்பதை ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும். 2018 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் திகதி, தாய்லாந்தில் 12 சிறுவர்களும் அவர்களது உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரும் ஒரு குகைக்குள் சென்றபோது மழைநீர் வழியை அடைத்துவிட்டது. அவர்களுடன் செல்லாத ஒரு சக வீரன் அவர்கள் குகைக்குச் சென்றதை அறிந்திருந்தான். குகை வாயிலில் அவர்களது சைக்கிள்கள் நின்றன. அதனால் அன்றே தேடல் ஆரம்பமாயிற்று. ஒன்பது நாட்களின் பின் அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டு, ஜூலை 10 ஆம் திகதிக்குள் அனைவரும் வெளியே கொண்டுவரப்பட்டனர். ஆயினும் மீட்புப் பணியின் இடையே ஒரு சுழியோடி தன் உயிரை இழந்தார். இதற்கு மாறாக, 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் எவரிடமும் சொல்லாமல் தனியே ஒரு பள்ளத்தாக்கிற்குச் சென்றார். பாறையொன்று அவரது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே சிக்கியிருந்து, இறுதியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டே அவர் உயிர் தப்பினார். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

மூவர் பயணம் செய்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கின்றார்கள். "போதும், திரும்புவோம்" என்று சொல்வதற்கும், அச்சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவதற்கும் ஒருவர் இருப்பது காட்டில் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

"மௌத்து எழுதப்பட்டிருந்தால் வீட்டிலும் வரும்" என்று சிலர் கூறுவர். உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்திற்குச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூஉபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியின்பால் செல்வதாகவே உமர் (ரழி) அவர்கள் விளக்கினார்கள். விளிம்பிலிருந்து இரண்டடி பின்னால் நிற்பதும் அவன் விதித்ததே. விதியை நம்புபவர் கவனமற்றவராக இருக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே! இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகன் வந்து, "உம்மா, இன்று ஆற்றில் மூழ்கப் பார்த்தேன்" என்று சொன்னால், அந்தக் கணத்தில் ஏசாதீர்கள், அடிக்காதீர்கள். முதலில் அவனை அணைத்து இறைவனைப் புகழுங்கள். பின்னர் என்ன நடந்தது என்று ஆறுதலாகக் கேளுங்கள். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை ஆற்றுக்குப் போவதை நிறுத்துவதில்லை, சொல்வதையே நிறுத்திக்கொள்கின்றான். முதல் முறை தப்பியதை நீங்கள் அறிந்திருந்தால் இரண்டாம் முறையைத் தடுத்திருக்கலாம். ஜனாஸா வீட்டில் நண்பர்கள் வாயால் அந்த முதற்கதையைக் கேட்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

பிள்ளைகள் புறப்படும்போது பயண துஆவை நினைவூட்டுங்கள். அத்துடன் டோர்ச், கயிறு, முதலுதவிப் பொருட்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பொலிஸ் அவசர சேவைக்கு 119, சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கங்களை அவர்களது கைத்தொலைபேசிகளில் பதிந்து கொடுங்கள். பாம்பு தீண்டினால் வெட்டவோ, இறுகக் கட்டவோ, உறிஞ்சவோ வேண்டாம், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஒருமுறை தப்பியவருக்கு இறைவன் வழங்கியிருப்பது கால அவகாசம். அதைப் பெருமை பேசிக் கழிக்காமல், கற்றுத் திருந்திப் பயன்படுத்துவோமாக. எமது பிள்ளைகளைத் தரையிலும் நீரிலும் மலையிலும் வனத்திலும் அவன் பாதுகாத்து, அவர்களை நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.