தாயின் தொழில்



தொழில்களின் ஆங்கிலப் பெயர்களை இங்கேதான் பாடமாக்கினோம்: டொக்டர், டீச்சர், நேர்ஸ். ஆனால் செக்ரோல், டீமேக்கர் என்று தோட்டத்தில் ஆங்கிலம் முன்பே குடியிருந்தது. விடியற்காலைப் பெரட்டும் 'பரேட்'தான். நமது 'கங்காணி'யும் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டார்.

தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்போம். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் நம் தாய்மாருக்கு 1984இல்தான் கிடைத்தது.

ஆகவே, படிவத்தில் தாயின் தொழிலைக் கேட்டால், இன்று படிக்கும் தங்கைமார் கூச்சப்பட்டு வெறுமையாக விட வேண்டாம். 'டீ பிளக்கர்' என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதட்டும். நம்மில் பலர் படித்தது அந்தக் கொழுந்துக் காசில்தான்.