முன்னோர் வாழ்வும் உலக நிகழ்ச்சிகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியில் எவ்வீட்டிலும் பூர்வீகம் பற்றி வினவினால், இரண்டு தலைமுறைக்கு மேல் விடை கிடைப்பது அரிது. அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. பிழைக்க வந்த குடும்பங்களுக்கு அது இல்லை. ஆயினும் உலகப் பெருநிகழ்ச்சிகளின் துணைகொண்டு நம் முன்னோர் காலத்தைக் கண்டறியலாம். எங்கள் குடும்பத்தையே சான்றாகக் கூறுகிறோம்.

எங்கள் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றிப் பாட்டியார் நான்கு செய்திகளே விட்டுச் சென்றார். தாது வருடத்தில் பிறந்தவர். இரயில் பாதை போட வந்தவர். எம்டன் குண்டு போட்டபோது மகனைப் பெற்றவர். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்துக்கு மறு ஆண்டு மறைந்தவர். இவற்றோடு "கஞ்சித் தொட்டிப் பிள்ளை" என்ற ஏச்சும் வந்தது. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் அச்சொல் எங்களைத் தலைகுனியச் செய்ததுண்டு.

முதலில் வெள்ளத்தை நோக்குவோம். அதனை 1899 எனக் கொண்டால், இரயில் வருமுன்னரே அவர் மறைந்திருத்தல் வேண்டும். ஏனெனில் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு இரயில் ஓடியது 1902-ல்தான். மலையாளிகள் கூறும் தொண்ணூற்றொன்பது, கொல்லம் ஆண்டு 1099 ஆகும். அதனுடன் 825 கூட்டினால் 1924. அவ்வாண்டு ஜூலையில் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் மூணாற்றின் சிறிய இரயில் பாதையும் அழிந்தது. ஆகவே அவர் மறைந்தது 1925.

ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. பாதை வேலை முடிந்தபின் படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகு மூட்டை சுமந்து குடும்பம் நடத்திய நாளில் எங்கள் பாட்டனார் பிறந்தார்.

இனிப் பிறப்பு. தாது வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1902-ல் உழைத்தவருக்குப் பொருந்துவது 1876-77. அதுவே தாது வருடப் பஞ்சம். பசிபிக் கடல் வெப்பமுற்றதால் பருவமழை பொய்த்தது. சீனத்திலும் பிரேசிலிலும் அக்காலத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியப் பேரரசி என டெல்லி தர்பாரில் முழங்கினர்; சென்னை மாகாணத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். 1878 வரை தென்னாட்டிலும் பம்பாய் மாகாணத்திலும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுவர். அப்போது பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த இடமே கஞ்சித் தொட்டி.

அன்பர்களே! எங்களை நாணச் செய்த சொல்லின் பொருள் இதுதான். ஊரே அழிந்த காலத்தில் ஒரு குழந்தை பிழைத்தது என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே சான்று அந்த ஏச்சு. இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அதனை நாங்களே எடுத்துச் சொல்கிறோம்.

உலக நிகழ்ச்சிகளால் ஊர் மாறியவர் நாம் மட்டுமல்லர். நம் அண்டை வீட்டாராகிய கொங்கணிகளின் முன்னோர், கோவாவில் போர்த்துக்கீசியர் செய்த கொடுமைக்குத் தப்பிக் கொச்சிக்கு வந்தவர்களே.

எனவே, வீட்டில் முதியோர் இருக்கையிலேயே அவர்களிடம் கேளுங்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் மயங்குவர். "சீனப் போருக்கு முன்னா, தனுஷ்கோடிப் புயலுக்குப் பின்னா?" என்று கேளுங்கள், 1962-ம் 1964-ம் தாமே வெளிப்படும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்புறம் உலகச் செய்தியும் வலப்புறம் வீட்டுச் செய்தியும் எழுதி வையுங்கள். ஏச்சுப் பேச்சையும் விடாது எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் வீட்டுக்கு ஓர் ஏடு உருவாகுமாயின், அதுவே நம் சங்கத்தின் பெருஞ்செல்வம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!