கற்ற தொழிலை ஊருக்கு அளித்தவர்

(டி. கல்லுப்பட்டியில் நடைபெற்ற ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊரிலிருந்து தெற்கே, ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளது சிவகாசி. மண் நம்முடையதைப் போன்ற கரிசல் மண்தான். மழை நமக்குக் கிடைப்பதைக் காட்டிலும் அதிகமன்று. அவ்வூரில் வாழ்ந்த பி. அய்ய நாடார் அவர்களைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

1922-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய உறவினர் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அய்ய நாடாருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. மானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள், மொழி தெரியாத ஊரில் சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கியது. அதே ஆண்டில்தான் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் பெரும் இயந்திரங்களுடன் விம்கோ நிறுவனத்தை நம் நாட்டில் நிறுவினர். ஒரு பக்கம் உலகத்தையே வளைத்த கம்பெனி. மறு பக்கம் குச்சி அடுக்கும் சட்டமும், மெழுகுச் சட்டியும், பசைக் கிண்ணமும். எது நிலைக்கும் என்று அன்று யாரைக் கேட்டாலும் என்ன விடை வந்திருக்கும்!

ஆயினும் கைத்தொழில் நிலைத்தது. 1934-இல் தீப்பெட்டிக்குத் தீர்வை வந்தபின், கையால் செய்யும் சிறு பட்டறைகளுக்கு அரசு அளித்த வரிச் சலுகை அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நான் பெரிதாகக் கருதுகிறேன். கற்றுவந்த தொழில் ஒரு வீட்டுக்குள் பூட்டப்படவில்லை. உறவினர் இருவரும் சில ஆண்டுகளில் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். அவர்களிடம் வேலை பழகியவர் தாமே பட்டறை போட்டார். அவரிடம் பழகியவர் சாத்தூரில் போட்டார், கோவில்பட்டியில் போட்டார். இதை அய்ய நாடார் தடுக்க முயன்றார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. பணத்தைக் கொடுப்பவரை வள்ளல் என்கிறோம். தொழில் இரகசியத்தைக் கொடுப்பது அதனினும் கடினம் என்பதைக் கடை வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

அவர் பணத்தையும் கொடுத்தார். சிவகாசி நகராட்சித் தலைவராக இருந்து ஊர்ப்பணி செய்தார். 1963-இல் தோன்றிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியின் பெயர்ப்பலகையில் அவர் பெயரோடு மனைவியார் பெயரும் நிற்கிறது. அக்கல்லூரியில் பயின்ற பட்டதாரி நான்.

நிற்க. புகழுரை மட்டும் சொல்லிவிட்டு அமர என் மனம் ஒப்பவில்லை.

சாத்தூருக்கு அருகே எங்கள் ஊர். மழை பொய்த்த ஆண்டுகளில் என் தாயார் இரவு முழுவதும் விளக்கடியில் பெட்டி ஒட்டுவார். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என் அக்காள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. விடியுமுன் வாசலில் வந்து நிற்கும் வண்டியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போவார். இருட்டிய பின்பே திரும்புவார். தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. வண்டி நிற்கவில்லை. குழந்தையை வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்தேன். அக்காளுக்கு அதனால் பயனில்லை. அதற்குள் அவருக்கு மணமாகிவிட்டது. அவர் அடுக்கிய குச்சிகளின் கூலியில் என் புத்தகங்கள் வாங்கப்பட்டன. அவருடைய மகள் இப்போது நான் படித்த அதே கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள்.

ஆகவே அய்ய நாடாரை நினைக்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன். அவர் கொண்டுவந்த தொழில் பல ஊர்களில் பசியைத் தணித்தது. அத்தொழில் பரவியபோது குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு உடன் பரவவில்லை. அதில் முதலாளிகளுக்கும் பெற்றோருக்கும் பங்குண்டு. என்னைப் போன்ற அலுவலர்களுக்கும் பங்குண்டு.

இதை இந்த ஊரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1940-இல் காந்தி நிகேதனம் எழுந்த ஊர் இது. கிராமக் கைத்தொழிலுக்காகவே வாழ்ந்து 1960 ஜனவரி 30 அன்று மறைந்த ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடமும் இதுவே. தொழிலின் பயன் செய்பவன் வீட்டுக்கே வரவேண்டும் என்ற பேச்சு உங்களுக்குப் புதிதன்று.

நம் ஒன்றியத்தில் திருப்பூர், கோயம்புத்தூர் சென்று தையலும் கடைசல் வேலையும் கற்றுத் திரும்பிய இளைஞர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தபின் அவர்களுக்கு ஓர் இடமும் மின் இணைப்பும் கிடைப்பதில்லை. மறுபடியும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஊராட்சிகளிலோ பயன்படாமல் பூட்டிய கட்டடங்கள் உள்ளன. ஒவ்வோர் ஊராட்சியிலும் அத்தகைய கட்டடம் எது, தொழில் கற்று வந்தவர் யார், அவரிடம் பழக விரும்பும் பெரியவர்கள் எத்தனை பேர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார் என்னும் நான்கு விவரங்களையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த கிராம சபைக்கு முன் என் அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்காவது விவரம் இல்லாத தாளை நான் பெற்றுக்கொள்ள மாட்டேன்.