உறக்கமும் கைப்பழக்கமும்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தூக்கத்தைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மிச்சமுள்ள பால்மரத்துக்கோ அன்றும் இன்றும் விடியற்காலைதான் வெட்டு. இரவில் இலைவழி நீர் வெளியேறுவது குறைவு. மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். இதைத் துரையும் மாற்ற முடியாது, சங்கமும் மாற்ற முடியாது. ஆகவே காலையைப் பற்றி நாம் பேசவில்லை. முதல் நாள் இரவைப் பற்றிப் பேசுகிறோம்.

வெட்டுப் பழகும் பிள்ளையைப் பாருங்கள். பட்டையை மேலாக வெட்டினால் பால் குறையும். கொஞ்சம் ஆழம் கூடினால் உளி மரத்தைத் தொட்டுக் காயம் விழும். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டு கழித்து அதே இடத்தை வெட்ட வருகிறவர் திண்டாடுவார். இந்த அளவை வாயால் சொல்லித் தர முடியாது, கைதான் கற்க வேண்டும். கை கற்பது வெட்டும்போது பாதி, உறங்கும்போது மீதி.

இது நம் கற்பனை அன்று. 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பொருளற்ற அசைகளை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தனர். படித்துவிட்டு உறங்கியபோது மறந்தது கொஞ்சம். விழித்திருந்தபோது மறந்தது அதிகம். 2002-இல் ஹார்வர்டில் மாத்யூ வாக்கரும் உடன் ஆய்ந்தவர்களும், விரல்களால் ஒரு வரிசைப்படி விசை தட்டப் பழக்கினர். ஓர் இரவு உறங்கி எழுந்தவர்களின் வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது, பிழை கூடவில்லை. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த லாபம் கிட்டவில்லை.

இனி நம் லயத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் பாட்டு அலறினால் பலகைச் சுவருக்கு அப்பால் நாலு வீடு விழித்திருக்க வேண்டும். பெண்கள் பாடு இன்னும் மோசம். வீட்டுக்காரர் படுத்தபின் பாத்திரம் கழுவி, அவர் எழுமுன் அடுப்பு மூட்டுகிறார்கள். பிறகு அந்தப் பெண் மரத்தில் காயம் போட்டாள் என்று கிராணிகளாகிய நாங்கள் கணக்கு எழுதுகிறோம்!

எழுதுகிற நாங்களும் யோக்கியர்கள் அல்லர். பரீட்சைக்காக நள்ளிரவு தாண்டிப் படித்துவிட்டு, மறுநாள் செக்ரோலில் ஒருவருடைய பேரை அடுத்தவர் வரியில் போட்டோம். சம்பள நாளில் அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் காசை இரண்டு முறை எண்ணினார். பிறகு திருத்திக் கொடுத்தோம். படித்த பாடமோ, பரீட்சையில் பாதிக்கு மேல் நினைவில் நிற்கவில்லை.

இரவு ஒன்பதரைக்கு மேல் லயத்தில் சத்தம் வேண்டாம். பாத்திரத்தை ஆண்களும் கழுவட்டும். பால் நிறுத்துவிட்டு வந்து பகலில் ஒரு மணி நேரம் படுப்பவரைச் சோம்பேறி என்று ஏச வேண்டாம். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது வேறு: வெட்டுப் பழகுகிறவர்களை அந்த வாரங்களில் மாலை வேலைக்கு இழுக்கக்கூடாது, காயத்துக்குக் கூலி பிடிக்குமுன் தவணை தர வேண்டும். இதை அடுத்த கமிட்டியில் தீர்மானமாக வைக்கிறோம், கைதூக்க வாருங்கள்.

மணி எட்டே முக்கால் ஆகிறது. இன்னும் சொல்ல இருந்ததை நிறுத்திக்கொள்கிறோம். நாளைக்குப் பிரட்டு இருக்கிறது.