டம்மி நம்பர் இல்லாத நாட்கள்



‘ஆசிரியரின் அறியாச் சார்பு’ என்ற பொருளில் நடக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்த அமைப்பாளர்களுக்கும், விடுமுறை நாளென்றும் பாராமல் ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பி.எட். மாணவர்களுக்கும் என் நன்றி. அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்தே பேசுகிறேன்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகாதவர்கள் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பார்கள். அங்கே நம் கைக்கு வரும் விடைத்தாள் கட்டில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, ஊர் இருக்காது. முன்பு டம்மி நம்பர் போட்டுக் கொடுத்தார்கள்; பிறகு பார்கோடு வந்தது. தெரிந்த பிள்ளைக்கு யாரும் வேண்டுமென்றே கூடுதல் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்வோம். அது பாதிக் காரணம்தான். பெயர் கண்ணில் பட்டால் நேர்மையான ஆசிரியரின் பேனாவும் கொஞ்சம் நகரும் என்பதை நம் தேர்வு முறை ஒப்புக்கொண்டிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முகாமுக்குத் தன் விடைத்தாள் வந்து சேருவதற்கு முன், பிள்ளை 10 ஆண்டுகள் பெயரோடும் முகத்தோடும் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த 10 ஆண்டுக்கு டம்மி நம்பர் கிடையாது. நான் பேச வந்தது அந்த நாட்களைப் பற்றி.

அறியாச் சார்பு வேறு, ஓரவஞ்சனை வேறு. ஓரவஞ்சனை செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியும். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறவர் இரண்டு கிண்ணத்தையும் கையில்தான் வைத்திருக்கிறார். நாம் பேசப்போவது, என் கையில் கிண்ணமே இல்லை என்று மனமார நம்புகிற ஆசிரியரைப் பற்றி. அப்படி நம்பிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2014. நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவி ஒருவர் என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனித்தார். தன் பயிற்சி ஏட்டுக்காக வகுப்பின் பெஞ்சுகளை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு, நான் யாரிடமாவது கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். மூன்று பாடவேளை அப்படிச் செய்திருக்கிறார். மதிய உணவு நேரத்தில் அந்தத் தாளை என்னிடம் தயங்கித் தயங்கி நீட்டினார். “நான் சரியா குறிச்சிருக்கேனான்னு பாருங்க சார்” என்றார். முதல் இரண்டு பெஞ்சுகளில் புள்ளி வைக்க இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியேயும் வைத்திருந்தார். கடைசி இரண்டு பெஞ்சுகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

அந்த இரண்டு பெஞ்சுகளிலும் இருந்தவர்கள் நலத்துறை விடுதிப் பிள்ளைகள். அவர்களை யாரும் அங்கே உட்கார வைக்கவில்லை. விடுதியில் காலைச் சாப்பாடு முடித்து, மொத்தமாகக் கிளம்பி, மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து சேருவார்கள். அதற்குள் முன்பெஞ்சுகள் நிரம்பியிருக்கும். ஜூன் மாதம் உட்கார்ந்த இடமே ஆண்டு முழுக்க அவர்கள் இடமாகிவிட்டது. அவர்களின் சாதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ‘ஹாஸ்டல் பசங்க’ என்று ஆசிரியர் அறையில் சொல்வோம். ‘காலனிப் பிள்ளைங்க’ என்போம். சாதிப்பெயரை உச்சரிக்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற சொற்கள் அவை. 2025-இல் அரசு ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது; விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியது. மனமார வரவேற்கிறேன். ஆசிரியர் அறையில் அந்தச் சொற்களை மாற்ற வேண்டியது நாம்தான்.

அன்று சாயங்காலம் என் மதிப்பெண் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அப்போதைய முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40 முழுக்க ஆசிரியர் கையில். முன்பெஞ்சுப் பிள்ளைகளுக்கு 37, 34, 39 என்று ஏற்ற இறக்கமாகப் போட்டிருந்தேன். ஒவ்வொரு செயல்திட்டத்தையும் பிரித்துப் பார்த்ததற்கு அதுவே சாட்சி. விடுதிப் பிள்ளைகளுக்கு வரிசையாக 28, 28, 28. குறைத்துப் போட்டேன் என்பதைவிட, அவர்கள் செய்ததை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மறுநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனை எழுப்பினேன். கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்களைச் சொல் என்றேன். எழுந்து நின்றான். பேசவில்லை. ‘சரி, உட்காரு’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த வேகத்தை அப்போதுதான் கவனித்தேன். கேள்வி கேட்ட மூச்சு அடங்குவதற்குள்ளேயே வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு நின்றேன். வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் விரலை மடக்கி எதையோ எண்ணினான். “மூணும் நாலும் சார்” என்றான்.

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்து சொன்னது இதைத்தான். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு வினாடியை ஒட்டியே இருந்தது. அதிலும், கெட்டிக்காரர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைக்குக் கூடுதல் நேரம், மற்றப் பிள்ளைக்குக் குறைந்த நேரம். காத்திருப்பை 3 வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள்.

நம் நாட்டில் நடந்த ஆய்வொன்றை இந்த அவை கட்டாயம் விவாதிக்க வேண்டும். ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012-இல் வெளியிட்டது. பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் சாதி, பால், வயது ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். அதே விடைகள்தான், ஆனால் தாழ்த்தப்பட்ட சாதி என்று முகப்பில் இருந்த தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. திட்டவிலக்கத்தில் 0.03 முதல் 0.08 வரை, சிறிய வேறுபாடுதான். ஆனால் 10 ஆண்டுகளில் ஒரு பிள்ளை எத்தனை தாள் எழுதுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இன்னொரு முடிவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது. குறைத்துப் போட்டவர்கள் உயர்சாதி ஆசிரியர்கள் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள்தான். நான் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவன், என்னிடம் எப்படிச் சார்பு இருக்கும் என்று கேட்கும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை. மூன்றாவது செய்தி கைக்கு உதவக்கூடியது: திருத்தத் தொடங்கிய புதிதில்தான் வேறுபாடு அதிகம். எதற்கு எவ்வளவு என்று மனத்தில் அளவுகோல் படியாத நேரத்தில், முகப்பில் எழுதியிருப்பது அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. விடைக்குறிப்பை முதலில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் முதல் 10 தாளை மறுபடி பார்த்தால் இதில் பாதி சரியாகும் என்பது என் நம்பிக்கை.

பிள்ளையின் மனத்தில் இது என்ன செய்கிறது? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குச் சிக்கல்வழிப் புதிர்களைக் கொடுத்து அவிழ்க்கச் சொன்னார்கள். 2004-இல் வெளியான ஆய்வு. சாதியைச் சொல்லாதபோது உயர்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என இரு தரப்புச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே செய்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் சட்டென்று பின்தங்கினார்கள். நம் வகுப்புகளில் ‘ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்கணும், எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க’ என்று சொல்லாத ஆசிரியர் எத்தனை பேர்? உதவி செய்யத்தான் சொல்கிறோம். அடுத்த பாடவேளையில் அந்தப் பிள்ளைக்குத் தேர்வு இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் தனியாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பையன் 100 வாங்கினால் ‘மூளைக்காரன்’, பெண் வாங்கினால் ‘நல்லா உழைச்சிருக்கா’. இரண்டும் பாராட்டுப் போலத்தான் காதில் விழும். பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர்களும் இப்படித்தான். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பிள்ளையை நகர்த்துவதற்காக. ‘அவன் அரும்புதான் சார்’ என்று நாம் பேசத் தொடங்கும்போது நிலை பெயராகிவிடுகிறது, பெயரானது நகராது.

இதற்கெல்லாம் பயிற்சி முகாம் நடத்தினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அறியாச் சார்பு என்ற கருத்தை 1990-களில் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான மஹ்சரின் பானாஜி செகந்திராபாத்தில் பிறந்தவர். அறியாச் சார்பை அளக்க அவரும் ஆண்டனி கிரீன்வால்டும் சேர்ந்து முன்னெடுத்த சோதனை உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் 2019-இல் ஏறத்தாழ 500 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தச் சோதனையில் வரும் மதிப்பெண்ணை மாற்ற முடிகிறதே தவிர, நடத்தை அதனால் மாறுவதாகத் தெரியவில்லை. ஒருநாள் முகாமில் கண்கலங்கிவிட்டு மறுநாள் அதே கட்டங்களில் புள்ளி வைப்பதில் பயனில்லை. மனத்தைத் திருத்திவிட்டுத்தான் வேலையைத் திருத்துவேன் என்று காத்திருக்கக் கூடாது. வேலை செய்யும் முறையை மாற்றிவிட வேண்டும். பொதுத்தேர்வு அதைத்தான் செய்கிறது.

வகுப்பறையிலும் முறையை மாற்றச் சொல்லும் பரிந்துரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் சாதியின் பேரால் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரைகளும் அதில் உண்டு. அகரவரிசை என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். 2014-இல் என் வகுப்பில் அது இருந்திருந்தால் விடுதிப் பிள்ளைகள் மணி அடிக்கும்போது வந்தாலும் அவரவர் இடம் முன்பெஞ்சிலும் நடுபெஞ்சிலும் காலியாகக் காத்திருந்திருக்கும்.

இன்றும் நாளையும் வாசிக்கப்படும் கட்டுரைகளில் கருத்து விளக்கம் போதுமான அளவு இருக்கும் என்று நம்புகிறேன். கட்டுரையாளர்களிடம் நான் கேட்பது, ஒவ்வொருவரும் ஒரு பள்ளியில் ஒரு பருவம் செய்து பார்க்கக்கூடிய ஏற்பாடு ஒன்றையாவது முன்வைக்க வேண்டும். தலைமையாசிரியர்கள், ஒருவர் வகுப்பை இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கட்டம் வரைந்து புள்ளி வைக்க மாதம் ஒரு பாடவேளை ஒதுக்கித் தாருங்கள். அந்தத் தாள் ஆசிரியரிடமே இருக்கட்டும், மேலதிகாரிக்குப் போக வேண்டாம். ஆசிரிய நண்பர்களே, வரும் இடைப்பருவத் தேர்வில் பெயரையும் வரிசை எண்ணையும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். திருத்தி முடித்து மொத்தம் போட்ட பிறகு தாளைத் திருப்புங்கள்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.