குடவோலையும் குடியரசுத் தலைவர் தேர்தலும்

(உத்திரமேரூரில் ஆற்றிய உரை)



முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறையைக் கல்லிலே பொறித்த ஊர் இது. முப்பது குடும்பு, குடும்புதோறும் ஓலை, குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். எடுத்த கையிலே களங்கமில்லை. ஆனால், ஓலையில் பெயர் ஏற யாருக்கு உரிமை? கால் வேலிக்கு மேல் நிலம் உண்டா? சொந்த மனையில் வீடு உண்டா? வேதம் அறிந்தவனா? இப்படிக் கேட்டனர். பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை! குற்றம் குடத்திலே அல்ல. குடத்துக்கு முன் எழுதிய விதியிலே!

ஆயிரம் ஆண்டு கடந்தோம். இன்றைய குடம் எப்படி?

குடியரசுத் தலைவரை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால், ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். 1971 கணக்கின்படி தமிழ்நாட்டுக்கு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208.

ஏன் 1971? குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலம் அதனாலேயே இழப்படையக் கூடாது என்று, 1976இல் 42ஆவது திருத்தம் அந்தக் கணக்கை நிலைநிறுத்திற்று. 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளிவரும்வரை அதனை நீட்டித்தது 84ஆவது திருத்தம். அதற்கப்பால்?

2011 கணக்கை வைத்துப் பாருங்கள். இடங்கள் 234, 403 என்றே இருக்கட்டும். நமக்கு 308, அவர்களுக்கு 496! மாநில மொத்தமோ, 41,184க்கு 83,824 என்றிருந்தது, 72,072க்கு 1,99,888 ஆகிவிடும். இருமடங்கு, இரண்டே முக்கால் மடங்காகும்!

“மக்கள் பெருகினால் மதிப்பும் பெருகத்தானே வேண்டும்?” என்பர். கேள்வி நியாயமானதே, உத்தரப் பிரதேசத்து ஏழையும் நம் தோழனே. ஆயினும், அளவோடு பெறுக என்று டில்லி சொன்னது, தமிழகம் கேட்டது. சொல் கேட்ட பிள்ளைக்குச் சோற்றைக் குறைப்பது எந்த வீட்டு நீதி? குடியரசுத் தலைவர் தலைகளின் தொகைக்கு மட்டுமா தலைவர்? மாநிலங்களின் ஒன்றியத்துக்கன்றோ தலைவர்! ஆளுநர் அனுப்பிவைக்கும் நம் மசோதா காத்துக் கிடப்பது அவர் வாசலிலன்றோ!

தராசு சாயக் கள்ள எடை வேண்டியதில்லை, விதியே போதும். 2016இல் அமெரிக்காவில் 28 லட்சம் வாக்குகளுக்கு மேல் கூடுதலாகப் பெற்ற ஹிலாரி கிளிண்டன், தேர்வாளர் முறையால் தோற்றாரே!

எனவே தோழர்களே, 176 என்ற எண்ணின் கதையை வீதிதோறும் சொல்லுங்கள். குடம் கண்ட ஊர் என்ற பெருமை மட்டும் போதாது. குடத்தில் ஓலை விழுந்தபின் கூவிப் பயனில்லை. விதி எழுதப்படும்போதே கேளுங்கள்!