கைப்பணம் எங்கிருந்து வருகிறது?



இந்த நினைவுரைக்கு அழைத்தபோது தலைப்பை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். இலக்கியம் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் வீடு வாங்கிய கதையைப் பேசப்போகிறேன். அந்தக் கதையில் வாத்தியாருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் இருந்திருந்தால், "பேசு, ஆனா கணக்கச் சரியாச் சொல்லு" என்றுதான் சொல்லியிருப்பார்.

வாத்தியார் சென்னையில் 31 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் 13 வாடகை வீடுகள். எதையும் அவர் விரும்பிக் காலி செய்ததில்லை. ஒரு வீட்டில் கறிக்குழம்பு வாசனை. ஒரு வீட்டில் சுவரில் மாட்டிய அம்பேத்கர் படம். ஒரு வீட்டில், அவரைப் பார்க்க வந்த ஊர்க்காரர் தெருமுனைக் கடையில் நின்று ஊரோடு சேர்த்துச் சேரியின் பெயரையும் சொல்லி வழி கேட்டுவிட்டார். அடுத்த மாதமே வீட்டுக்காரருடைய மகனுக்குக் கல்யாணம் வந்துவிட்டது, வீடு தேவைப்பட்டது. அந்த மகனுக்கு நான்கு வருடம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வாத்தியாருக்கும் வந்தது, அவரும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்பவர்களின் பெயரை மட்டும் மாற்றிப் பேசவைத்து, சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வீடு மறுக்கப்பட்டது, அல்லது கூடுதல் நிபந்தனையோடு தரப்பட்டது. சட்டத்தின் பக்கம் போனால், ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1917இல் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து பாபாசாகேப் வெளியேற்றப்பட்டு, பூங்காவில் போய் உட்கார்ந்திருந்ததைப் படித்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வேறு மாதிரிதான் காதில் விழும்.

வாடகை வீட்டில் சாதி வாசலிலேயே நின்று கேள்வி கேட்கிறது. சொந்த வீடு வாங்கப் போனால் யாரும் கேட்பதில்லை. பணம் இருந்தால் போதும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்று பேச வேண்டும்.

ஊரப்பாக்கத்தில் 540 சதுர அடி வீடு. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை. முன்பே ஒருவர் குடியிருந்த, கைமாறிய வீடு. விளம்பரத்தில் சென்னை, பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 கடைசியில் திறந்தபிறகு அந்தப் பக்கம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. எங்களுக்குச் சொன்ன விலை 31 லட்சம். இணையரின் சம்பளச் சீட்டைப் பார்த்த வங்கி மேலாளர் முகம் மலர்ந்து, "எலிஜிபிலிட்டி இருக்கு மேடம்" என்றார். இருபது வருடத் தவணை. மாதம் கட்டிவிடலாம், வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆயிற்று.

கணக்கு அங்கே முடியவில்லை. 30 லட்சத்துக்கு மேல் போகிற கடனுக்கு வீட்டு விலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிறிய கடனுக்கு 90 வரை தரலாம். எங்களுக்கு 80 என்று சொல்லிவிட்டார்கள். மீதி 6 லட்சத்து 20 ஆயிரம் நாம் கொண்டுவர வேண்டும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு, 2 லட்சத்து 79 ஆயிரம். இதை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது. தரகு, வக்கீல், மதிப்பீட்டாளர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம். ரொக்கமாக, ஒரே மாதத்துக்குள்.

இணையரின் அலுவலகத்தில் அதே ஆண்டு இன்னும் இரண்டு பேர் வீடு வாங்கினார்கள். அதே பதவி, அதே சம்பளம். ஒருவருக்கு ஊரில் அப்பா ஒரு ஏக்கர் நஞ்சையை விற்றுக் கொடுத்தார். இன்னொருவர் மனைவியின் நகையை வைத்தார், மிச்சத்தை மாமனார் போட்டார். அவர்கள் நல்ல மனிதர்கள், எங்களுக்கு வழிகாட்டியவர்கள். "நீங்களும் ஊர்ல ஏதாச்சும் இருந்தா தள்ளிவிடுங்க" என்று உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்கள். ஊரில் எங்களுக்கு இருப்பது அரசு கொடுத்த தொகுப்பு வீடு. கூரை ஒழுகும்.

இடஒதுக்கீடு சம்பளத்தைச் சமமாக்கியது. சம்பளத்தைப் பார்த்து வங்கி கொடுக்கும் 80 விழுக்காடும் சமம். மீதி 20தான் தாத்தாவின் கணக்கு. என் தாத்தா பண்ணையாள். அவர் வாங்கிய கூலி நெல் அன்றைக்கே உலையில் கொதித்துத் தீர்ந்தது. சமூகவியல் வகுப்பில் சொத்து, மூலதனம், தலைமுறை என்று இரண்டு ஆண்டுகள் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். வங்கி கொடுத்த ஒரு பக்கத் தாளைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

எங்கள் சேமிப்பும் சீட்டுப் பணமும் ஐந்தரை லட்சம். அம்மாவின் செயினையும் தோட்டையும் அடகு வைத்து ஒரு லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் 2 லட்சத்து 70 ஆயிரம், பதினோரு தோழர்களின் கைமாற்று. அதில் ஐம்பதாயிரம் வாத்தியாருடையது. செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "எதுக்கு வச்சிருந்தீங்க ஐயா?" என்றேன். "சும்மா இருந்துச்சும்மா" என்றார்.

இப்போது வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறேன். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் பார்த்த வக்கீல் சொன்னார்: "எல்லாம் கிளியர் மேடம். பஞ்சமி நிலமான்னும் செக் பண்ணிட்டேன். இல்ல. பயப்படாதீங்க."

நான் சொன்னேன்: "பஞ்சமியா இருந்தா எனக்கு என்ன சார் பயம்? நான் வாங்கினா செல்லுமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க வாங்கலாம் மேடம். மத்த இருபத்து மூணு வீட்டுக்காரங்க?"

பதில் சரிதான். அந்த மனையில் 24 வீடுகள். என் பங்குக்கு வரும் பிரிபடாத நிலம் 270 சதுர அடி. முக்கால் சென்ட்கூட இல்லை. ஆனால் எந்த மண்ணில் அந்தப் பங்கு என்று பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை எழுதியது இந்த மாவட்டத்தைப் பார்த்துத்தான். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் கையில் இருந்த காலம். கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்று சொல்ல முடிந்த காலம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்க வேண்டும். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. காரணையில் அதைக் கேட்கப் போய்த்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த நிலம் கையில் நின்றிருந்தால் எத்தனை அப்பாக்கள் மகனுக்கு ஒரு ஏக்கரை விற்றுக் கொடுத்திருப்பார்கள்! இன்று வக்கீலின் சரிபார்ப்புப் பட்டியலில் அது ஒரு வில்லங்கம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் சாமான்களோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடமும் பெண்களின் வீட்டுவேலையும் இங்கேயே நின்றுவிட்டன. அந்த மக்களுக்காக ஆர்ப்பாட்டங்களில் தொண்டை கட்டக் கத்தியவள், அதைவிடத் தொலைவுக்கு 31 லட்சம் கொடுத்து நானே போயிருக்கிறேன். எனக்குப் பத்திரம் இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது, திரும்பி வர வேலை இருக்கிறது. பெரும்பாக்கத்துப் பெண்ணிடம் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே துயரமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒரு கோரிக்கை வைக்கலாம். வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. வட்டி மாதாமாதம் வருவது, சம்பளம் அதைத் தாங்கும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த 20இலும் பதிவுச் செலவிலும்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. அந்த நிதியிலிருந்து முதல் வீட்டுக்கான கைப்பணத்தைக் கொடு என்று ஏன் கேட்கக்கூடாது? இங்கே இருக்கும் மாணவர்கள் முதல் சம்பளம் வாங்கும்போது இந்தக் கணக்கு உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதுவரை காத்திருக்காமல் இப்போதே எழுதுங்கள், மனு கொடுங்கள்.

பாபாசாகேப் பரேலில் சால் வீட்டில் குடும்பத்தோடு நெருக்கியடித்து வாழ்ந்தவர். 1930களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கினார். வாத்தியாருக்கு அது மிகவும் பிடித்த செய்தி. ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஒரு பெட்டிப் புத்தகத்தையாவது யாரிடமாவது விட்டுவிட்டுப் போனவர் அவர். பதின்மூன்றாவது வீட்டில் அவர் இறந்தபிறகு, ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மிஞ்சிய நான்கு பெட்டிகள் இப்போது என் ஹாலில் இருக்கின்றன. மகள் அவற்றின் மேல்தான் விரித்துப் படுக்கிறாள்.

இரண்டாவது பெட்டியில் அவருடைய கையெழுத்துப் பிரதி இருந்தது. அதன் மேல் ஓர் அச்சகத்தின் விலைமதிப்புச் சீட்டு: 300 படிகள், 48 ஆயிரம் ரூபாய். தேதி, அவர் எனக்குப் பணம் கொடுத்ததற்குப் பத்து நாட்களுக்கு முந்தையது.

அந்த ஐம்பதாயிரத்தை இந்த அமைப்பிடம் கட்டிவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது, மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். 41ஆம் பக்கத்தில் ஓர் ஏரியின் பெயர் மை பரவிப் படிக்க முடியாமல் இருக்கிறது. சிறுவயதில் அவர் மாடு மேய்த்த ஏரி. அவருடைய ஊர்க்காரர்கள் யாராவது அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.